அக்கா ஒட்டிய கன்றுகளும் நான் விற்ற கன்றுகளும்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. ஆண்டுத் திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், அயலவர்களுக்கும், அக்காவிடம் கன்று வாங்கிய தோட்டக்காரர்களுக்கும் அவருடைய ஒரே தம்பியாகிய நான் தலை வணங்கி இதை எழுதுகிறேன்.

இப்படியான மலரில் இறந்தவருடைய நல்ல குணங்களை எழுதுவதுதான் வழக்கம். அக்காவிடம் அதற்குக் குறைவில்லை. ஆனால் கண்டியைச் சுற்றி, கடுகண்ணாவை தொடக்கம் அலவத்துகொட வரை பல வீடுகளில் அக்காவைப் பற்றி ஒரு பேச்சு இருக்கிறது. ஒட்டாத சாதிக்காய்க் கன்றை ஒட்டுக் கன்று என்று சொல்லி ஏமாற்றினார் என்பதே அது. அக்கா உயிரோடு இருந்தவரை அந்தப் பேச்சை மறுக்கவில்லை. மறுத்திருக்க வேண்டியவன் நான்.

சித்தப்பா இதை எழுத வேண்டாம் என்றார். "செத்துப்போனவள வச்சுக் குடும்ப மானத்த ஏன்டா அச்சடிக்கிற? அவ போட்டோவையும் ரெண்டு தேவாரத்தயும் போட்டுட்டுப் பேசாம இரு," என்றார். நான் அம்மாவிடம் போய் நடந்தது முழுவதையும் சொன்னேன். அதுவரை அம்மாவுக்கு எதுவும் தெரியாது. "எழுதிப் போடு. அவ பேரு கெட்டது போதும்," என்றார். அன்றிலிருந்து அம்மா என்னோடு தேவைக்கு மேல் பேசுவதில்லை.

அக்கா பிறந்தது கலஹாப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். அக்காவுக்குப் பதினைந்து வயதும் எனக்கு ஆறு வயதும் இருக்கும்போது, மழைக்காலத்தில் தண்ணீர் வடியக் கான் வெட்டப் போன இடத்தில் மேடு சரிந்து அப்பா இறந்துபோனார். அம்மா ஒருவருடைய நாட்சம்பளம் மூன்று வயிற்றுக்குக் காணவில்லை. அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தோட்டத்துத் தவறணையில் வேலைக்குச் சேர்ந்தார். தேயிலைக் கன்று வளர்க்கும் இடத்தை நாங்கள் தவறணை என்போம். பொலித்தீன் பைகளில் மண் நிரப்புவதும், நிரப்பிய பைகளை வரிசையாக அடுக்குவதும், ஒற்றை இலைத் துண்டு நட்டுத் தண்ணீர் தெளிப்பதும்தான் வேலை. மற்றப் பெண்கள் அதைச் சின்ன வேலை என்று விட்டு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனபோது அக்கா போகவில்லை. "இங்கதான் எதாவது உயிர் புடிக்கிறதப் பாக்கலாம்," என்று அம்மாவிடம் சொன்னாராம்.

பிறகு பேராதனையில் பழமரக் கன்றும் வாசனைப்பயிர்க் கன்றும் வளர்த்து விற்கும் ஓரிடத்தில் கூலி வேலை கிடைத்தது. அங்கே பத்து வருடம் இருந்தார். ஒட்டுகிறவர்கள் வேறு ஆட்கள். அக்கா அவர்களுக்குத் தண்ணீர் வாளி தூக்கியவர். கத்தியை எப்படிப் பிடிக்கிறார்கள், எந்தக் குருத்தை எடுக்கிறார்கள், எதைத் தள்ளுகிறார்கள் என்று பார்த்து, வெட்டி எறிந்த குச்சிகளை லயத்துக்குக் கொண்டுவந்து தனக்குத்தானே ஒட்டிப் பழகினார். என்னைப் படிக்க வைத்ததும் அந்தக் கூலிதான். அக்காவுக்கு வந்த இரண்டு வரன்களும் என்னுடைய பரீட்சைகள் முடியட்டும் என்று தள்ளிப்போய், அப்படியே நின்றுபோயின. அதைப் பற்றி அக்கா ஒருபோதும் பேசவில்லை. நானும் கேட்டதில்லை.

முப்பது வயதில் அக்கா பிலிமத்தலாவையில், கொழும்பு வீதியிலிருந்து உள்ளே இறங்குகிற ஒழுங்கையில், கால் ஏக்கர் காணியைக் குத்தகைக்கு எடுத்துச் சொந்தத் தவறணை தொடங்கினார். அவர் தேர்ந்தெடுத்தது சாதிக்காய். ஏன் அது என்று தெரிய வேண்டுமானால் அந்த மரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

சாதிக்காயில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. விதையிலிருந்து முளைத்த கன்றைப் பார்த்து அது ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. ஆறு ஏழு வருடம் வளர்ந்து பூக்கும்போதுதான் தெரியும். ஆண் மரம் காய்க்காது. ஆகவே நன்றாகக் காய்க்கிற தாய் மரத்தின் குருத்தை எடுத்துச் சின்னக் கன்றின் மேல் ஒட்டுவார்கள். அப்படி ஒட்டிய கன்று நிச்சயமாகப் பெண். நாலைந்து வருடத்தில் காய்க்கவும் தொடங்கும். ஆனால் எல்லாக் குருத்தும் உதவாது. நேரே மேல்நோக்கி வளரும் குருத்து வேண்டும். பக்கக் கிளையை ஒட்டினால் மரம் எழும்பாமல் புதராகப் படர்ந்துவிடும். நேர்க்குருத்தோ ஒரு மரத்தில் ஒரு பருவத்துக்குச் சிலதுதான் வரும்.

அக்காவின் வியாபாரம் முழுவதும் அந்தச் சில குருத்துகளின் மேல் நின்றது. முதல் வருடம் அறுபது கன்று. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அயல் தோட்டங்களில் நல்ல தாய் மரங்களைப் பார்த்து, சொந்தக்காரர்களிடம் பேசி வைத்துக்கொண்டார். குத்தகை எடுத்த முதல் வாரமே தன் காணியின் எல்லையில் நாலு ஒட்டுக் கன்று நட்டு, அவை மரமாகிக் குருத்துத் தரும் வரை எட்டு வருடம் காத்திருந்தார். ஒரு தாய் மரம் கூடினால் வியாபாரம் ஒரு படி கூடும். மரம் நோயில் விழுந்தால் அந்த வருடம் குறையும். கன்று தேடி வருகிறவர்களிடம், "இந்த வருசத்துக்கு முடிஞ்சிருச்சுங்க, அடுத்த மழைக்கு வாங்க," என்று சொல்லித் திருப்பி அனுப்ப அவருக்குக் கொஞ்சமும் தயக்கம் இருந்ததில்லை. பத்து வருடத்தில் அறுபது முன்னூறு ஆனது. அவர் கொடுத்த கன்றில் ஒன்றுகூட ஆணாகப் பூத்ததாக யாரும் வந்து சொன்னதில்லை.

நான் கண்டி நகரத்தில் ஒரு தொலைபேசிக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். அந்தக் கடை மூடியபோது எனக்கு முப்பது வயது, மனைவி, ஒரு கைக்குழந்தை. அக்கா, "வா, ரெண்டு பேருமா செய்வோம்," என்று கூப்பிட்டார். சேர்ந்தேன். ஆனால் அந்த இடத்தின் வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. விதை போட்டால் முளைக்க ஒன்றரை, இரண்டு மாதம். வந்த முதல் வருடம், முளைத்திருக்கிறதா என்று பார்க்கப் பாத்தியை விரலால் கிளறினேன். ஒரு நாள் இல்லை, பல நாள். உள்ளே அப்போதுதான் வேர் விட்ட விதைகள் ஒடிந்தன. அக்கா அவற்றைப் பொறுக்கி, ஒரு சிரட்டையில் போட்டு, என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். திட்டவில்லை. எனக்கு அது திட்டியதைவிடக் கோபமாக இருந்தது. இத்தனை வயதில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்கிறேனே என்ற எரிச்சல்தான் எனக்கு அப்போது இருந்தது. அதை அக்காவின் மேல் வைத்தேன்.

இரண்டு வருடம் போனபின் ஒரு நிறுவனத்தின் அலுவலர் எங்களைத் தேடி வந்தார். கிராமத்துக் குடும்பங்களுக்குச் சாதிக்காய்க் கன்று பகிர்ந்து கொடுக்கும் திட்டம். ஆயிரத்து இருநூறு ஒட்டுக் கன்று வேண்டும், அடுத்த மழைக்கு முன் வேண்டும் என்றார்.

அக்கா, "முன்னூறு தர்றேங்க. மிச்சத்துக்கு மூணு வருசம் பொறுக்கணும்," என்றார்.

அவர் சிரித்துவிட்டு, "அதுவரைக்கும் இந்தத் திட்டம் இருக்காதும்மா," என்று தன் தொலைபேசி இலக்கத்தைத் தந்துவிட்டுப் போனார்.

அவருடைய கார் ஒழுங்கையைத் தாண்டு முன்பே நான் தொடங்கினேன். "ஏங்க்கா நாம இப்பிடியே இருக்கணும்? ஒனக்குப் பின்னால வந்தவங்கள்லாம் ரெண்டு ஏக்கர்ல செய்றாங்க. வேன் வச்சிருக்காங்க."

"நம்மகிட்ட பதினாறு தாய் மரம் இருக்கு. அதுல வர்ற குருத்து எத்தனையோ அத்தனதான் நம்ம யாவாரம். அதுக்கு மேல நான் என்ன செய்ய?"

"பக்கக் கிளைய ஒட்டுனா என்ன? மொத வருசம் யாருக்குத் தெரியப்போகுது?"

அக்கா கையிலிருந்த கத்தியைத் துடைத்து உறையில் போட்டார். "மரத்துக்குத் தெரியும்," என்றார். அதோடு அந்தப் பேச்சை முடித்துவிட்டார்.

அந்த மாதமே அம்மா படியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. பேராதனை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அக்கா ஏழு வாரம் அம்மாவின் கட்டிலை விட்டு அசையவில்லை. தவறணை என் பொறுப்பில் இருந்தது. இரண்டாவது வாரம் நான் அந்த அலுவலரைத் தொலைபேசியில் அழைத்து, ஆயிரத்து இருநூறும் தருவோம் என்று சொன்னேன்.

மாத்தளைக்கு அப்பால் ஓரிடத்தில் விதையில் முளைத்த கன்றுகள் தொள்ளாயிரம் வாங்கினேன். விற்றவர் அவற்றை விதைக் கன்று என்றேதான் விற்றார். அவர் மேல் பிழை இல்லை. அவற்றைக் கொண்டுவந்து, ஒவ்வொன்றின் தண்டிலும் கத்தியால் ஒரு கீறல் போட்டு, அதன் மேல் ஒட்டு நாடாவைச் சுற்றினேன். பன்னிரண்டு நாள் அந்த வேலையைத் தனியாகச் செய்தேன். அக்கா உண்மையாக ஒட்டி வைத்திருந்த முன்னூறையும் அவற்றோடு கலந்தேன். ஒவ்வொரு பையிலும் எங்கள் தவறணையின் பெயர் அட்டையைக் கட்டி லொறியில் ஏற்றினேன். பாதிக் கன்று எப்படியும் பெண்ணாகத்தானே இருக்கும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். மீதிப் பாதி யார் வீட்டுக்குப் போகும் என்று நினைத்துப் பார்க்கவில்லை.

அக்கா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வீடு வந்த மறுநாள் தவறணைக்கு வந்தார். பாத்திகள் வெறுமையாக இருந்தன.

"எங்கடா கன்னு?"

"குடுத்தாச்சுக்கா. கொறஞ்சத மாத்தளையில ஒருத்தர்கிட்ட வாங்கிச் சேத்தேன். ஒட்டுக் கன்னுதான்."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"நீ பாத்தா சரி," என்றார். அந்த மூன்று சொல்லை நான் எத்தனையோ விதமாக மறக்கப் பார்த்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு எங்களுக்கு நல்ல காலம் என்று எல்லோரும் சொன்னார்கள். உங்களில் பலர் அப்போதுதான் எங்களைப் பார்க்க வந்தீர்கள். வீதியோரத்தில் கடை எடுத்தேன். பூச்செடி, சட்டி, உரம் எல்லாம் வைத்தேன். வேன் வந்தது, நாலு பேர் வேலைக்கு வந்தார்கள். பெரிய கன்று வியாபாரி என்று என்னைக் கலியாண வீடுகளில் முன் கதிரையில் உட்கார வைத்தார்கள். அக்கா கடைக்கு வந்ததே குறைவு. கீழே ஒழுங்கைக்குள் தன் கால் ஏக்கரில் வருடத்துக்கு முன்னூறு, முன்னூற்று இருபது என்று ஒட்டிக்கொண்டே இருந்தார். மூன்று தாய் மரம் கூடியதால் வந்த இருபது அது.

நாலாம், ஐந்தாம் வருடத்தில் சிலர் கடைக்குத் தொலைபேசியில் பேசினார்கள். இன்னும் பூக்கவில்லையே என்று கேட்டார்கள். "நெழல் கூடிருச்சு, கெளைய வெட்டி விடுங்க," என்று ஒருவருக்குச் சொன்னேன். "மண்ணு சரியில்ல," என்று இன்னொருவருக்கு. அக்காவிடம் அந்த அழைப்புகள் போகாமல் பார்த்துக்கொண்டேன்.

ஏழாம் வருடம், அந்தத் திட்டத்தில் கன்று கிடைத்த சலீம் நானா அலவத்துகொடயிலிருந்து வந்தார்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். அவர் கடைக்கு வரவில்லை. விசாரித்து நேரே கீழே தவறணைக்கே போய்விட்டார். நானும் அன்று அங்கே உரம் இறக்கிக்கொண்டிருந்தேன். நானாவின் கையில் ஒரு சீலைப் பை. அதற்குள் பூவோடு ஒரு சின்னக் கிளை.

"புள்ள, இதக் கொஞ்சம் பாருங்க. நம்மட தோட்டத்துல பத்து மரம். ஆறுல இப்பிடித்தான் கொத்துக் கொத்தாப் பூத்தீக்கிது. ஒரு காயும் இல்ல. ஒங்கட பேரு போட்ட அட்டைய இன்னும் வெச்சீக்கிறேன். இது ஒட்டுக் கன்டுதானே?"

ஆண் பூ கொத்தாகப் பூக்கும். பெண் பூ ஒன்றோ இரண்டோதான். அக்கா அந்தக் கிளையை வாங்கி ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் உர மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத் தலை குனிந்தேன். அக்காவுக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை.

"தப்பு எங்க மேலதான் நானா," என்றார் அக்கா. "நான்தான் குடுத்தேன். வந்து பாக்குறேன். ஏதாவது செய்ய முடியும்."

நானா போனபின் அக்கா கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தார். "எத்தன?" என்று கேட்டார்.

"தொள்ளாயிரம்."

"யாரு யாரு வீட்டுக்குப் போச்சு?"

"தெரியாதுக்கா. அவங்கதான் பிரிச்சுக் குடுத்தாங்க. அந்த ஆபீஸ் இப்ப இல்ல."

அக்கா அழவில்லை. கையிலிருந்த பூங்கிளையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஏழு வருசம்டா. பாதிப் பேரு ஏழு வருசமா சும்மா தண்ணி ஊத்தியிருக்காங்க."

நான் காலில் விழப் போனேன். விடவில்லை. "அம்மாகிட்ட சொல்லாத. யாருகிட்டயும் சொல்லாத. நான் குடுத்ததாவே இருக்கட்டும். நீ புள்ளகுட்டிக்காரன், நாளைக்கு ஒனக்கு ஒரு பொழப்பு வேணும்," என்றார். நான் சரி என்றேன். அந்தச் சரியைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை என்பதை இங்கே எழுதி வைக்க வேண்டும்.

ஆண் மரத்தைப் பெண் மரமாக்க ஒரு வழி இருக்கிறது. மரத்தை இடுப்பு உயரத்தில் வெட்டிவிட்டு, வெட்டிய இடத்துக்குக் கீழே புதிதாகத் துளிர்ப்பதில் பெண் மரத்தின் நேர்க்குருத்தை ஒட்ட வேண்டும். வயதான மரத்தில் பிடிப்பது அரிது. அக்காவின் கைக்கே பத்தில் ஒன்றுதான். பிடித்தாலும் காய்க்க இன்னும் மூன்று நாலு வருடம். அதற்கும் அந்தத் தாய் மரங்களின் குருத்துகள்தான் வேண்டும். ஆகவே அக்கா கன்று விற்பதை நிறுத்தினார். பத்தொன்பது மரத்திலும் வந்த குருத்து முழுவதையும் அந்த வீடுகளுக்கே கொண்டுபோனார். பேச்சு பரவியதும் கடைக்கு ஆள் வருவது குறைந்தது. வேன் போனது. கடை போனது. வேலைக்கு நின்றவர்களை வேறிடம் பார்க்கச் சொன்னோம். ஏழு வருடத்தில் நான் கட்டியது ஒரே வருடத்தில் இல்லாமல் போயிற்று. அக்கா இருபது வருடமாகக் கட்டியதும் அதோடு போயிற்று.

குருத்தை ஈரமான வாழைத்தடல் பட்டையில் சுற்றி, பையில் வைத்து, அக்கா பஸ்ஸில் போவார். ஓர் ஊரில் ஒரு வீட்டைக் கண்டுபிடித்தால், அந்த வீட்டாரிடம் வேறு யாருக்குக் கன்று கிடைத்தது என்று கேட்பார். முதல் சில மாதம் என்னை வரவேண்டாம் என்றார். பிறகு பையைத் தூக்க மட்டும் அனுமதித்தார்.

கடுகண்ணாவைக்கு அப்பால் ஒரு வீடு. அந்த வீட்டு அம்மாவின் தோட்டத்தில் எட்டு மரம், அதில் ஏழு ஆண். அக்கா விஷயத்தைச் சொன்னதும் அவர் சத்தம் போடவில்லை, மெதுவாகத்தான் பேசினார். "ஒங்க பேர நம்பித்தானே கோப்பி, மௌகு எல்லாத்தயும் புடுங்கிட்டு இத வச்சோம். காய்ச்சிருந்தா மகன் எங்ககூடவே இருந்திருப்பான். இப்ப கொழும்புல எவனோ கடையில மூட்ட தூக்குறான். நீங்க வந்து, வெட்டி ஒட்டிட்டு இன்னும் நாலு வருசம் பொறுங்கன்னு சொல்றீங்க. எங்ககிட்ட நாலு வருசம் எங்கங்க இருக்கு?"

"தப்புதாங்க," என்றார் அக்கா. "ஒட்டவா, வேணாமா? நீங்க சொல்றதுதான்."

"என்னமோ பண்ணுங்க," என்று அவர் வீட்டுக்குள் போய்விட்டார்.

அக்கா குனிந்து வெட்டத் தொடங்கினார். நான் ஒட்டு நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்தக் கதவைத் தட்டி, 'அம்மா, செய்தது நான்,' என்று சொல்வதற்குப் பத்து அடி நடந்திருந்தால் போதும். நடக்கவில்லை. அந்த வீட்டில் மட்டுமல்ல, நான் கூடப் போன எந்த வீட்டிலும் நடக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா என் தோளில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். அவருடைய உடம்பு எவ்வளவு இலேசாகிவிட்டது என்று அன்றுதான் கவனித்தேன்.

வயிற்றில் நோவு இருந்திருக்கிறது. சொல்லவில்லை. அம்மா கட்டாயப்படுத்தியதால் ஆஸ்பத்திரிக்குப் போனார். கிளினிக்குக்கு நாள் கொடுத்தார்கள். அந்த நாள் குருத்து எடுக்கும் பருவத்தில் வந்தது. குருத்து முற்றினால் ஒட்டப் பிடிக்காது, அடுத்த பருவத்துக்கு மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும் என்று சொல்லிக் கிளினிக்குக்குப் போகாமல் விட்டார். மறுபடி கொடுத்த நாளையும் அப்படியே விட்டார். நான் ஒரு முறை, "போய்ட்டு வாக்கா, நான் ஒட்டுறேன்," என்றேன். "நீ ஒட்டுனது போதும்," என்றார். வாழ்நாளில் என்னைக் குத்திச் சொன்ன சொல் அது ஒன்றுதான். சொன்னவுடனே முகம் வாடி, எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். கடைசியில் வைத்தியர்கள் பார்த்தபோது கட்டி ஈரல் வரை பரவியிருந்தது. அவர்கள் தங்களால் முடிந்த எல்லாவற்றையும் செய்தார்கள்.

இரண்டரை வருடத்தில் அக்கா கண்டுபிடித்தது நாற்பத்தொரு வீடு. இன்னும் எத்தனை வீடு இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. கட்டிலில் படுத்த பிறகும் அவருடைய நினைப்பு அதில்தான் இருந்தது. இறப்பதற்கு முதல் நாள் பின்னேரம், கடுகண்ணாவை அம்மாவின் தோட்டத்தைப் பற்றிக் கேட்டார். அங்கே ஒட்டிய ஏழில் எத்தனை பிடித்தது, நாடாவை அவிழ்த்துப் பார்த்தாயா என்றார்.

நான் அன்று காலையில்தான் அங்கே போய் வந்திருந்தேன். ஏழும் காய்ந்திருந்தன. இந்த ஒரு தடவையாவது அக்காவிடம் பொய் சொல்லக்கூடாது என்று நினைத்தேன்.

"ஏழும் காஞ்சிருச்சுக்கா," என்றேன்.

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் காலை அம்மா வந்து கூப்பிட்டபோது கண் திறக்கவில்லை. மத்தியானம் உயிர் போயிற்று. என் வாயால் அவர் கேட்ட கடைசிச் செய்தி அதுதான். பிடித்திருக்கிறது என்று சொல்லியிருக்கலாமோ என்று இந்த ஓராண்டும் யோசிக்கிறேன். பொய் சொல்லக்கூடாத இடத்தில் சொன்னவன், சொல்லியிருக்க வேண்டிய இடத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேனோ என்று தெரியவில்லை. இதற்கு விடை சொல்ல யாருமில்லை.

எனக்கு இப்போது நாற்பத்து மூன்று வயது. வியாபாரத்தை எந்த வேகத்தில் வளர்க்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். தாய் மரம் தருகிற குருத்தின் அளவுக்கு. அக்கா அதைப் பாடமாகச் சொன்னதில்லை; அப்படி வாழ்ந்தார், நான் பக்கத்தில் நின்று சலித்துக்கொண்டேன். தெரிந்துகொண்டதால் எதுவும் திரும்பி வரவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அக்காவைக் கடைசிவரை கவனித்த பேராதனை ஆஸ்பத்திரி வைத்தியர்களுக்கும், தாதிமார்களுக்கும், இறுதிக் கிரியையில் தோள் கொடுத்த தோட்டத்து உறவுகளுக்கும், பந்தலும் கதிரையும் தந்து மூன்று நாள் தேநீர் ஊற்றிய பிலிமத்தலாவைச் சிங்கள அயலவர்களுக்கும், மரங்களை வெட்டிப் போடாமல் அக்காவை நம்பித் தோட்டத்துக்குள் விட்ட நாற்பத்தொரு வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

சலீம் நானாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஏமாற்றியது அக்காதான் என்று நம்பிக்கொண்டே அவர் செத்த வீட்டுக்கு வந்தார். பெட்டி எடுக்கும் வரை வாசலில் நின்றார். "நல்ல மனுசி. செஞ்ச பிழைய வந்து பாத்தா," என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. எட்டாம் நாள் அவர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். நான் முதலில் சொன்னது அவரிடம்தான்.

"இத அவ உசிரோட ஈக்கக்குள்ள சொல்லி ஈக்கணும்," என்றார் நானா. என்னை உட்காரச் சொல்லவில்லை. அது நியாயம்தான்.

அக்கா ஒட்டியவற்றில் இன்று உயிரோடு இருப்பவை இருபத்தாறு மரம். அவர் போனபின் இந்த ஓராண்டில் நான் நாற்பது மரம் ஒட்டினேன். ஒன்றும் பிடிக்கவில்லை. கத்தியும் குருத்தும் அவைதான், கைதான் வேறு. ஆனாலும் அடுத்த பருவத்துக்குத் தாய் மரங்கள் குருத்து விடும். அவற்றை வேறு எதற்கும் எடுக்க மாட்டேன்.

இந்த மலரை வாசிக்கும் உங்களிடமோ, உங்களுக்குத் தெரிந்தவர்களிடமோ, எங்கள் தவறணையின் அட்டையோடு வந்த சாதிக்காய் மரம் இருந்து, அது கொத்தாகப் பூத்துக் காய்க்காமல் நின்றால், தயவுசெய்து எங்கள் வீட்டுக்குச் சொல்லி அனுப்புங்கள். மரத்தை ஏற்கெனவே வெட்டியிருந்தால் அதையும் சொல்லி அனுப்புங்கள். நான் வருகிறேன். ஒட்டினால் பிடிக்கும் என்று என்னால் உறுதி தர முடியாது. உங்கள் வருடங்களைத் திருப்பித் தரவும் முடியாது. ஆனால் வாசலில் நின்று, பையைத் திறப்பதற்கு முன்னால், அந்தக் கன்றை உங்களுக்குத் தந்தது அக்கா இல்லை, நான்தான் என்று சொல்வேன்.